ஈர மண்ணில் வாடிய செடி

"இலையில படக்கூடாது. ரெண்டு விரலால இலையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, தண்டுக்குப் பக்கத்துல மண்ணுல மட்டும் ஊத்தணும். புரியுதா?"

போர்ட் பிளேரின் சாத்தம் ஜெட்டியில், வேறொரு தீவில் இருக்கும் ஹட் பேக்குப் போகிற கப்பலில் ஏறும்போது என் கணவரிடம் நான் கடைசியாகப் பேசியது இதைப் பற்றித்தான். முந்தானையின் நுனியை இலையாக்கி, இரண்டு விரலால் தூக்கி, இல்லாத தண்ணீரை ஊற்றிக்கூடக் காட்டினேன். அவர் சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்துக் கூச்சப்பட்டார்.

"சரி சரி. செடியை நான் பாத்துக்கறேன். நீ போய்த் தங்கச்சியைப் பாரு."

"போன தடவை மாதிரி கஞ்சித் தண்ணியைக் கொதிக்கக் கொதிக்க ஊத்திறாதீங்க."

"அதையே இன்னும் எத்தனை வருஷத்துக்குச் சொல்லுவே சந்திரா?"

என் டிரங்குப் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு பின்னால் வந்த உதயசூரியன், "அண்ணி, உங்க செடிக்கு ஒரு நர்ஸ் போட்டுத்தான் பாக்கணும்" என்று சிரித்தார். பெட்டியை உள்ளே வைத்துவிட்டு இறங்கிப் போனார். கப்பல் நகர்ந்தபோது என் கணவர் கையை ஆட்டவில்லை. காதுக்குள் ஏதோ பூச்சி போய்விட்டது போலிருக்கிறது. தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதை எடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்த கடைசி முகம் அது.

ஹட் பேயில் என் தங்கை ஜெயமணிக்குத் தலைப்பிரசவம். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் கப்பல் பழுதாகி நின்றுவிட்டதால், வந்த வேலை முடிந்த பிறகும் நான் அங்கேயே கிடக்க வேண்டியதாயிற்று. ஒருவழியாகப் போர்ட் பிளேரில் வந்து இறங்கியபோது, ஜெட்டியில் உதயசூரியன் மட்டும் நின்றிருந்தார். "அண்ணி, முதல்ல இப்படி உக்காருங்க" என்று என் பெட்டியையே காட்டினார். அவர் கண்கள் சிவந்திருந்தன. மீன்பிடிக்கப் போனவர்கள் முந்தின நாள்தான் என் கணவரைக் கடலிலிருந்து கரைக்குக் கொண்டுவந்திருந்தார்கள்.

என் கணவர் சிவஞானத்துக்கு மரம் அளக்கும் உத்தியோகம். காட்டிலிருந்து வெட்டி வரும் மரங்களை அளந்து, சர்க்கார் முத்திரைச் சுத்தியலால் அடித்து அடையாளம் போட வேண்டும். அந்த அடையாளம் இல்லாத மரம் திருட்டு மரம். உதயசூரியன் ஒரு தனியார் காண்ட்ராக்டரிடம் ஏஜெண்டாக இருந்தார். எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர். வேலையில் பழகி, பிறகு வீட்டுக்கும் வந்துபோகிற மனிதர் ஆனார்.

இன்ஸ்பெக்டர் எனக்கு நிதானமாக விளக்கினார். என் கணவர் ஒரு வாரத்துக்கும் மேலாக வேலைக்குப் போகவில்லையாம். ஆபீஸிலிருந்து ஆள் வந்து கதவைத் தட்டியும் திறக்கவில்லையாம். ஆனால் பொழுது சாய்ந்தால் உள்ளே விளக்கு எரிந்திருக்கிறது. ஜன்னலில் இருந்த செடியிலிருந்து தெருவில் தண்ணீர் சொட்டியிருக்கிறது. ஆகவே மனிதர் வீட்டுக்குள் அடைந்து கிடந்திருக்கிறார். பிறகு ஒருநாள் எழுந்து கடலுக்குப் போய்விட்டார். கடலில் கிடந்த உடம்பில் நாள் கணக்குச் சொல்ல முடியாது என்று டாக்டரும் எழுதிவிட்டார். மிச்சம், நான் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். தற்கொலை என்று அதில் டைப் அடித்திருந்தது.

நான் போடவில்லை. காதுப் பூச்சியை எடுத்துக்கொண்டு நின்ற மனிதர் அப்படிப் போகிறவர் அல்ல என்பதைத் தவிர என்னிடம் சொல்லக் காரணம் ஒன்றும் இல்லை. இன்ஸ்பெக்டர், மெட்ராஸ் கப்பல் கிளம்பும் நாள் வரை அவகாசம் கொடுத்தார். உதயசூரியன் எனக்கு அதில் பங்க் கிளாஸ் படுக்கை டிக்கெட்டும் வாங்கிவிட்டார்.

கப்பல் கிளம்பும் அந்த நாளின் காலையில்தான் பக்தவத்சலம் எங்கள் ஷாதிபூர் வீட்டுக்கு வந்தார்.

பக்கத்து வீட்டுக் கரீமாவின் கணவர் அப்துல் வஹாபுக்கு அபர்தீன் பஜாரில் கடை. அந்தக் கடையின் மாடியில் குடியிருந்த பக்தவத்சலத்தை அவர் மூலமாகத்தான் நான் கூப்பிட்டனுப்பினேன். மெட்ராஸ் போலீஸிலிருந்து ஓய்வுபெற்றவர். காணாமற்போன பொருட்களையும் காணாமற்போன புருஷன்மார்களையும் கண்டுபிடித்துக் கொடுப்பதில் பேர் வாங்கியிருந்தார். கூடவே ஜம்புலிங்கம் என்கிற உதவியாளர். கப்பலில் சமையல்காரராக இருந்து, எல்லாக் கேப்டன்களிடமும் வாய் கொடுத்து, எல்லாக் கப்பல்களிலிருந்தும் இறக்கிவிடப்பட்டவர்.

வராந்தாவில் உதயசூரியன் என் டிரங்குப் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். அவர்களைப் பார்த்ததும் எழுந்து வந்து என் காதருகே, "இவங்களை எதுக்கு அண்ணி கூப்பிட்டீங்க? போனவன் நிம்மதியாப் போகட்டுமே" என்றார். பிறகு மறுபடியும் கயிற்றை இழுக்கப் போனார். புதுக் கயிறு. ஒவ்வொரு இழுப்புக்கும் முறுக்கிக்கொண்டு முனகியது.

பக்தவத்சலம் முன்னறையில் நடுவில் நின்று சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். அலமாரியைத் திறக்கவில்லை. படுக்கையைப் புரட்டவில்லை. ஜன்னல் பலகையில் இருந்த டால்டா டின்னில் அவர் பார்வை நின்றது.

அதுதான் என் செடி. விம்பர்லிகஞ்ச் பக்கம் காட்டுக்குப் போனபோது என் கணவர் பிடுங்கி வந்தது. பேர் யாருக்கும் தெரியாது. அகல இலை, மேலே வெள்ளிக் கோடுகள், அடியில் சிவப்பு. தண்டு தண்டங்கீரைபோல் சதைப்பற்றாக இருக்கும். இப்போது அத்தனை இலைகளும் டின்னின் விளிம்புக்கு வெளியே கவிழ்ந்து தொங்கின.

ஜம்புலிங்கம் கையைத் தட்டினார். "ஸார், கேஸ் கதம்! குத்தவாளி தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கறான் பாருங்க."

"குத்தவாளி எங்கயாவது தலையைத் தொங்கப் போடுவானா? சாட்சிதான் தொங்கப் போடுவான்" என்றார் பக்தவத்சலம். "சரி, இது ஏன் வாடிச்சு சொல்லு."

"இதுக்கு மூளை வேணுமா? பானி இல்ல ஸார். இந்த மாசத்துல போர்ட் பிளேர்ல மனுஷனுக்கே பானி இல்ல. செடிக்கு யாரு கொடுப்பா?" சொல்லிக்கொண்டே சமையலறைப் பக்கம் இருந்த தண்ணீர் டிரம்மில் மக்கை முக்கி எடுத்துவந்து, இலைகளின் தலையிலேயே சளாரென்று ஊற்றப் போனார்.

"நிறுத்து."

அந்தக் குரலில் ஜம்புலிங்கத்தின் கை அப்படியே நின்றது. பக்தவத்சலம் ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் அடிவரை விட்டு எடுத்தார். விரல் கறுப்புச் சேறாக வந்தது. ஊறவைத்து மறந்துபோன துணியின் நாற்றம் அறை முழுக்கப் பரவியது.

"காலைல எத்தனை இட்லி தின்னே?" என்றார் ஜம்புலிங்கத்திடம்.

"பன்னெண்டு ஸார். சட்னி கணக்குல இல்ல."

"தின்னுட்டு எப்படிக் கிடந்தே?"

"பெஞ்சுல மல்லாந்து. நீங்கதானே எழுப்பினீங்க."

"பட்டினி கிடக்கறவனும் அப்படித்தான் கிடப்பான். தூரத்துலேருந்து பாத்தா ரெண்டு பேருக்கும் வித்தியாசம் தெரியாது." ஒரு வேரைச் சேற்றிலிருந்து மெல்ல உருவினார். தோல் மட்டும் வழுவழுவென்று விரலோடு வந்தது. உள்ளே நூல்போல் ஒன்று மிஞ்சியது. "வேர் மண்ணுக்குள்ள மூச்சு விடணும். நாள் முழுக்கத் தண்ணியில கிடந்தா மூச்சு முட்டி அழுகிடும். அழுகின வேரால தண்ணி இழுக்க முடியாது. அப்புறம் சுத்திலும் தண்ணி, நடுவுல தாகம்."

"நம்ம தீவு மாதிரி" என்றார் ஜம்புலிங்கம். அவருக்கே சிரிப்பு வரவில்லை.

மூச்சு முட்டி என்ற வார்த்தை எனக்குள் எங்கேயோ போய் இறங்கியது.

"அம்மா, நீங்க ஹட் பேலேருந்து வந்ததுக்கப்புறம் இதுக்குத் தண்ணி ஊத்தினீங்களா?"

"இல்லை. எனக்கே யாரோதான் ஊட்டிவிட்டாங்க."

"அப்படின்னா இது பழைய ஈரம். இத்தனை நாள் வெயிலுக்கும் காயாத ஈரம். தினமும் மக் மக்கா ஊத்தியிருக்காங்க. யாரு?"

"அவர்தான்" என்றேன். "ஊத்தச் சொல்லிட்டுப் போனேன். எப்பவும் மறக்கிறவர். இந்தத் தடவை ஊத்தியிருக்கார்." சொல்லும்போதே அழுகை வந்தது. என் பேச்சைக் கேட்டிருக்கிறார் என்பது அந்த நேரத்தில் எனக்கு ஒரு ஆறுதலாகக்கூட இருந்தது.

அப்போது ஜன்னலுக்கு வெளியே, தெருவில், யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கரீமா. எங்கள் வீட்டு ஜன்னலை ஒட்டித்தான் அவள் வீட்டு வாசல். தலையில் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

"அக்கா, அண்ணன் ஊத்தலக்கா" என்றாள்.

"என்ன சொல்றே கரீமா?"

"நீங்க கப்பல் ஏறின அன்னிக்கே என்கிட்ட வந்து சொன்னாரு. 'தங்கச்சி, நான் தொட்டா இதுவும் செத்துரும், நீங்களே பாத்து ஊத்துங்க. உங்க அக்காகிட்ட நானே ஊத்தினேன்னு சொல்லிக்கறேன், காட்டிக் கொடுத்துராதீங்க'ன்னாரு. நான்தான் காலைல தெருவுலேருந்தே கம்பிக்குள்ள கையை விட்டு அரை டம்ளர் ஊத்துவேன். அதுவும் தினம் இல்ல. மவுத்தாப்போன மனுஷன் பொய் சொன்னாருன்னு உங்ககிட்ட எப்படிக்கா சொல்லுவேன்? அதான் வாயைத் திறக்கல."

ஜம்புலிங்கம் மெல்ல, "நல்ல புருஷன் ஸார்" என்றார். "நானும் பெண்டாட்டிகிட்ட இப்படித்தான்."

பக்தவத்சலம் ஜன்னலருகே போய்க் குனிந்தார். குரலைத் தாழ்த்தினார். "நீ ஊத்தறது இந்தத் தெருவுக்குத் தெரியுமாம்மா?"

"எல்லாப் பொம்பளைக்கும் தெரியும். 'சந்திரா செடிக்கு நீ ஆயாவா'ன்னு கேலி பண்ணுவாங்க."

"தண்ணி சொட்டினதைப் பாத்தது யாரு? போலீஸ்ல சொன்னது?"

"நான்தான் சொன்னேன். சாயங்காலம் ஆனா சொட்டும். நான் ஊத்தினது அப்பவே காஞ்சிருக்கும், இது புதுசா சொட்டும். சரி, அண்ணனும் ஆசையா ஊத்துறாரு போலன்னு நெனச்சேன். ஒருநாள் கையைக்கூடப் பாத்தேன். இலையை ரெண்டு விரலால அப்படியே தாங்கிப் பிடிச்சுக்கிட்டு, அடியில ஊத்தினாரு. பிள்ளைக்குப் பால் கொடுக்கற மாதிரி."

"கையைப் பாத்தே. முகத்தை?"

கரீமா டால்டா டின்னையே பார்த்தாள்.

"விளக்கைப் பாத்தேன்" என்றாள். "கையைப் பாத்தேன். அண்ணன் முகத்தை..." அவள் யோசித்துக்கொண்டே போனாள். அவள் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. "முகத்தைப் பாக்கல ஸார். அக்கா, நீங்க ஊருக்குப் போன முதல் சில நாள் அவரு வேலைக்குப் போறதைப் பாத்தேன். அப்புறம் யாருமே பாக்கலக்கா. தெருவுல ஒருத்தருமே பாக்கல."

நான் ஜன்னலுக்குப் போய் அவள் விரல்களைக் கம்பியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

பக்தவத்சலம் என்னை உள்ளே திரும்பி நிற்கச் சொன்னார். "அம்மா, விளக்கு எரிஞ்சா வீட்டுக்காரர் இருக்கார்னு அர்த்தமில்ல. தீக்குச்சி கிழிக்கத் தெரிஞ்ச ஒரு ஆள் உள்ளே இருந்தார்னுதான் அர்த்தம். உங்க வீட்டுக்காரர் அந்த ஒரு வாரமும் இங்க இல்ல. இங்க அடைஞ்சு கிடக்கவும் இல்ல, இங்கேருந்து எழுந்து போய்க் கடல்ல விழவும் இல்ல. அதுக்கு முன்னாடியே முடிஞ்சிருச்சு. வேற ஒரு ஆள் சாயங்காலம் வந்து, விளக்கை ஏத்தி, தண்ணி ஊத்தி, அவர் இருக்கற மாதிரி காட்டியிருக்கார். மனசொடிஞ்சு கிடந்தார்னு ஊர் நம்பணும், அதுக்கு."

"செடிக்கு எதுக்கு ஸார் ஊத்தணும்? விளக்கு போதாதா?" என்றார் ஜம்புலிங்கம்.

"தெரு ஜன்னல்ல வாடின செடி நின்னா, வீட்டுல ஆள் இல்லன்னு தெருவே சொல்லிடும். வாடக் கூடாதுன்னு ஊத்தினான். ஊத்தினதாலதான் வாடிச்சு."

"யாரு?" என்றேன்.

"கரீமா ஊத்தறாங்கன்னு தெரிஞ்சவங்க யாரும் மறுபடி ஊத்த மாட்டாங்க. அப்ப தெருக்காரங்க இல்ல. உங்க வீட்டுக்காரரும் இல்ல, ஏன்னா ஏற்பாடு பண்ணினதே அவர். வீட்டுக்காரர்தான் ஊத்தணும்னு நம்பின ஆள். அதுவும், இலையைத் தூக்கி அடியில ஊத்தணும்னு தெரிஞ்ச ஆள். அம்மா, இந்தச் செடிக்கு அப்படி ஊத்தணும்னு நீங்க யார்கிட்டச் சொன்னீங்க?"

"அவர்கிட்ட மட்டும்தான். ஜெட்டியில."

"பக்கத்துல யாரு இருந்தா?"

என் கண் வராந்தாப் பக்கம் போயிற்று. வராந்தாவில் முனகிக்கொண்டே இருந்த கயிற்றின் சத்தம் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. இப்போது நின்றிருந்தது.

நாங்கள் மூவரும் அசையாமல் இருந்தோம். ஒரு நிழல் கதவுப் பக்கமாக வந்தது. பிறகு அங்கேயே தயங்கியது.

முதலில் அசைந்தவர் ஜம்புலிங்கம்தான். "அரே பாய்!" என்று சத்தம் போட்டுக்கொண்டே வராந்தாவுக்குப் பாய்ந்தார். "இது என்ன முடிச்சு? இந்த முடிச்சுக்குப் பெட்டி கல்கத்தா போயிரும், அம்மா மெட்ராஸ் போவாங்க. தள்ளுங்க. கப்பல்ல நான் சமையல்காரன்தான், ஆனா முடிச்சுல நான்தான் கேப்டன். ஒருநாள் என்ன ஆச்சு தெரியுமா, ஒரு உயிர் ஆட்டைக் கட்டி வச்சேன்..." ஆட்டுக் கதை ஆரம்பமாயிற்று. கயிறு மறுபடி முனகியது. நிழல் விலகியது.

பக்தவத்சலம் அந்தச் சத்தத்தின் மறைவில் என்னிடம் சொன்னார். "நான் சொன்னதெல்லாம் வெறும் கணக்கு. கோர்ட்டுல கணக்கு நிக்காது, பாத்த கண் வேணும். கண் வெளியே நிக்குது. அந்தக் கண் பாத்த கை மட்டும் ஜன்னலுக்கு வரணும். உங்களால முடியுமா?"

எனக்கு முடியும் என்று தோன்றவில்லை. இன்ஸ்பெக்டரின் காகிதம் மேஜைமேல் இருந்தது, மேலே பேனா. அந்தக் காகிதத்தைப் பார்த்தேன். பிறகு வராந்தாவைப் பார்த்துக் கூப்பிட்டேன்.

"உதயசூரியன், கொஞ்சம் வாங்களேன்."

உள்ளே வந்தார். கயிறு அறுத்த உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "என்ன அண்ணி, கையெழுத்துப் போட்டாச்சா?"

"போடறேன். அதுக்கு முன்னாடி... இது அவர் கொண்டுவந்த செடி. நான் போனா யாரு பாப்பா? கடைசியா ஒரு தடவை தண்ணி ஊத்திட்டுப் போகணும்னு இருக்கு. கை நடுங்குது. நீங்க ஊத்துங்களேன்."

அவர் செடியைப் பார்த்தார். பக்தவத்சலத்தைப் பார்த்தார். பக்தவத்சலம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி இல்லாமல் எதுவும் தெரியாத கிழவர் போல இமைகளைச் சுருக்கினார்.

"இதுக்கென்ன அண்ணி" என்றார் உதயசூரியன்.

டிரம்மிலிருந்து மக்கை முக்கி எடுத்து வந்தார். ஜன்னல் முன்னால் நின்றார். இடது கையின் இரண்டு விரல்கள் ஒரு இலையின் அடியில் போயின. இலை மெல்ல உயர்ந்தது. மக் சாய்ந்தது. ஒரு சொட்டுகூட இலையில் படாமல், தண்டைச் சுற்றி, மண்ணில் மட்டும் தண்ணீர் இறங்கியது. அடுத்த இலை. அடுத்தது. அந்தக் கை யோசிக்கவே இல்லை. பல நாள் செய்து பழகிய கை.

என் கணவருக்கு நான் எத்தனையோ தடவை சொன்னேன். என் பேச்சைச் சொன்னபடி கேட்டவன் அவன் ஒருவன்தான்.

வெளியே கரீமாவின் கையிலிருந்து ஏதோ கீழே விழுந்து உருண்டது.

"யா அல்லாஹ்" என்றாள். "அக்கா. அந்தக் கை. இதே கைதான்."

மக்கில் இன்னும் தண்ணீர் இருந்தது. அவன் ஊற்றுவதை நிறுத்தவில்லை. கடைசிச் சொட்டு வரை ஊற்றிவிட்டுத்தான் நிமிர்ந்தான்.

"இலையைத் தூக்கி ஊத்தணும்னு யாரு சொல்லிக் கொடுத்தா?" என்றார் பக்தவத்சலம். கண்ணாடி மூக்குக்குத் திரும்பியிருந்தது.

"அண்ணிதான். ஜெட்டியில சொன்னாங்க."

"உங்களுக்கா சொன்னாங்க?"

"காதுல விழுந்துச்சு. ஒரு தடவை கேட்டா எனக்கு மறக்காது."

"காதுக்கு ஒரு தடவை போதும். கைக்கு எத்தனை தடவை ஆச்சு?"

அவன் கண் வாசலுக்குப் போனது. வாசலை ஜம்புலிங்கம் அடைத்துக்கொண்டு நின்றார். ஆட்டுக் கதை பாதியில் நின்றுபோயிருந்தது. அந்த மனிதர் முகத்தில் வேடிக்கை இல்லாமல் நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கரீமாவின் சத்தம் கேட்டுத் தெருவில் ஆட்கள் கூடினார்கள்.

உதயசூரியன் மக்கை ஜன்னல் பலகையில் ஓசை இல்லாமல் வைத்தான். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டான். என்னைப் பார்த்து, இத்தனை நாளும் பேசிய அதே அக்கறையான குரலில் சொன்னான்:

"அண்ணி, கப்பலுக்கு நேரமாகுது."

பிறகு அவன் கட்டிய பெட்டியின் மேலேயே போய் உட்கார்ந்துகொண்டான். இன்ஸ்பெக்டர் வரும் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

எங்கள் பின்கதவின் சாவி அவன் அறையில், ஒரு பழைய ஷூவுக்குள் இருந்தது. அவன் காண்ட்ராக்டரின், முத்திரை இல்லாத விலையுயர்ந்த படாக் மரங்கள் சில சத்தமில்லாமல் கடல் தாண்டவிருந்தன. அவற்றுக்கு அடையாளம் அடித்துக் கொடுக்க என் கணவர் மறுத்திருக்கிறார். மேலதிகாரிகளுக்கு எழுதுவேன் என்றும் சொல்லியிருக்கிறார். படகில் வைத்துப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று கூட்டிப் போய், தனியாகத் திரும்பி வந்திருக்கிறான். இவ்வளவையும் ஸ்டேஷனில் ஒத்துக்கொண்டான். எந்த நாள் என்று கேட்டார்கள். ஞாபகம் இல்லை என்றான். மறுபடி மறுபடி கேட்டார்கள். ஒரு தடவை கேட்டால் மறக்காதவன், அதை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை.

நான் அந்தக் கப்பலில் போகவில்லை. அடுத்த வாரம் பக்தவத்சலமும் ஜம்புலிங்கமும் என்னை இறப்புப் பதிவு ஆபீஸுக்கு அழைத்துப் போனார்கள். அங்கிருந்த குமாஸ்தா பெரிய புத்தகத்தைத் திறந்து, போலீஸ் சொன்னபடி முன்பே எழுதியிருந்த தற்கொலை என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடித்து, மேலே வேறு சொல் எழுதி, கையெழுத்துப் போட்டார். நான் பெஞ்சில் உட்கார்ந்து அவர் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தேதி, அம்மா?" என்றார் அவர்.

நான் பக்தவத்சலத்தைப் பார்த்தேன். எப்போதும் பதில் வைத்திருக்கிறவர் கூரையைப் பார்த்தார். ஜம்புலிங்கம் வாசல் பக்கம் போய்விட்டார். வீட்டில் என் கணவர் இல்லை என்று செடி சொன்னது. எந்த நாளிலிருந்து என்று அதற்கும் சொல்லத் தெரியவில்லை.

இறந்த நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசையில் திதி கொடுக்கலாம் என்று கோயிலில் சொன்னார்கள். அப்படித்தான் கொடுத்து வருகிறேன். புத்தகத்தில், மீன்காரர்கள் அவரைக் கரைக்குக் கொண்டுவந்த தேதிதான் இன்றும் இருக்கிறது.